எட்டாவது பாட்டு

மணி மத்தியானம் பன்னிரண்டரை. ராயப்பன்பட்டியைத் தாண்டி சண்முகாநதி அணைக்குப் போகிற ரோடு… ஒரு சைக்கிள்கூடக் கிடையாது.

சிரிக்க வேண்டாம். ராத்திரி பன்னிரண்டரை என்று சொல்ல எனக்கும் தெரியும். ஆனால் நடந்தது மத்தியானத்தில். ராத்திரியில் அந்த ரோட்டில் எத்தனை நடமாட்டம் தெரியுமா… தண்ணி பாய்ச்சப் போகிறவன், திராட்சைக்குக் காவல் போகிறவன், காவல்காரனுக்குத் தெரியாமல் திராட்சை பறிக்கப் போகிறவன். பேய்க்கு நிற்க இடம் இருக்காது. உச்சி உருமத்தில்தான் ரோடு காலி. தார் இளகிக் கிடக்கும். செருப்பு 'பிச்… பிச்…' என்று ஒட்டும். காக்காய்கூட வாயைத் திறக்காது.

என் கூட்டாளி ஒச்சாண்டி இருக்கிறானே, அவன் தங்கை பவானியின் புருஷன் ஈஸ்வரபாண்டி. அவருக்கு நடந்தது இது. ஒச்சாண்டி பொய் சொல்ல மாட்டான். அதற்கு வேண்டிய கற்பனை அவனிடம் கிடையாது. கிட்ட வந்து உட்காருங்கள்… அந்தக் கதவை மட்டும் யாராவது சாத்திவிடுங்கள்.

அன்றைக்கு அந்த ரோட்டில் ஒரு லோடு ஆட்டோ போயிற்று. பின்னால் டிரம் செட், இரண்டு ஸ்பீக்கர், ஒரு ஜமுக்காளம், இரண்டு டிராக்டர் பேட்டரி. ஓட்டியவர் வீரணன். டிராக்டர் மெக்கானிக், கச்சேரி நாளில் டிரம்ஸ். பக்கத்தில் ஈஸ்வரபாண்டி, கிடாரை இரண்டு காலுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு. பின்னாலேயே ஸ்கூட்டரில் ஏஞ்சல். ராயப்பன்பட்டிக்காரி. சென்னையில் ரெக்கார்டிங் படித்து, அங்கே ஆறு வருஷம் வேலை பார்த்து, சலித்துப்போய் ஊருக்குத் திரும்பியவள். பேஸ் கிடாரும் வாசிப்பாள். பதிவு செய்வதும் அவளே. மூன்று பேரும் ஒரு ஆல்பம் போடப் போனார்கள். ப்ளூஸ் ராக் ஆல்பம்.

போன இடம் ஒரு பழைய திராட்சைக் கிட்டங்கி. பழம் கெடாமல் இருக்கக் குளிர வைக்கிற இடம். ஆறு வருஷமாகப் பூட்டிக் கிடந்தது, கரண்டு இல்லை. சுவரிலெல்லாம் முழங்கை கனத்துக்குத் தெர்மக்கோல். இரும்புக் கதவைச் சாத்தினால் வெளிச்சத்தம் செத்துவிடும். ராத்திரி வேண்டாம் என்று ஏஞ்சல்தான் சொன்னாள். ராத்திரியில் தவளை, நாய், மோட்டார், எங்கேயாவது ஒரு கல்யாண வீட்டு ரேடியோ செட். உருமத்தில்தான் ஊர் வாயை மூடும்.

கிட்டங்கிக்காரர் கம்பம் டவுனில் இருந்தார். சாவி கேட்டதும் கொடுத்தார். எதற்கு என்று கேட்கவில்லை. எப்போது திரும்பக் கொடுப்பீர்கள் என்றும் கேட்கவில்லை. பிற்பாடு யோசித்தால் அதுதான்…

ஈஸ்வரபாண்டிக்கு வயது ஐம்பத்தொன்று. அல்லிநகரத்தில் வீடு. இருபத்தாறு வருஷமாக ஆர்கெஸ்ட்ராவில் கிடார். பெரியகுளத்திலிருந்து கூடலூர் வரை அவர் ஏறாத மேடை இல்லை. வாசித்ததெல்லாம் அடுத்தவர் பாட்டு. நம் பக்கத்துக் கச்சேரியில் கூட்டத்திலிருந்து துண்டுச் சீட்டு வரும். பாட்டு, கேட்பவர் பெயர், ஊர். மேடையில் ஒருத்தர் மைக்கில் வாசிப்பார்… "அடுத்து விரும்பிக் கேட்பவர், இன்ன ஊர் இன்னார்." பேரை வாசித்துவிட்டால் பாடியே ஆக வேண்டும். வாசித்துவிட்டுப் பாட்டை விட்டால், மேடைக்கு முதலில் மண்ணாங்கட்டி வரும், பிறகு ஆள் வருவான். வீரணனுக்கு முன்பல் ஒன்று இல்லை. கூடலூரில் விட்டது.

சீட்டு வாசிப்பது ஈஸ்வரபாண்டியின் வேலை. கனத்த குரல். எத்தனை ஆயிரம் சீட்டு வாசித்திருப்பார்… ஒன்றில்கூட அவர் பாட்டு இல்லை. அவர் பாட்டு என்று ஒன்று இருந்தால்தானே.

"ஒரே ஒரு சீட்டு போதும் மாப்ள. ஒருத்தன் எம் பாட்ட எழுதிக் கேட்டுட்டான்னா, அன்னைக்கே கிடார ஆணியில மாட்டிருவேன்" என்பார் வீரணனிடம்.

"ஆணி வாங்கிட்டியா?" என்பார் வீரணன்.

வாலிபத்தில் குமுளியில் ஒரு லாட்ஜில், வெள்ளைக்காரர்களுக்கு வாசிக்கிற மலையாளச் சேட்டன் ஒருத்தரிடம் ஈஸ்வரபாண்டி இரண்டு வருஷம் எடுபிடியாக இருந்தார். ப்ளூஸ் அங்கே ஒட்டிக்கொண்டது. "மூணு கார்டு மதி, மோனே" என்பாராம் சேட்டன். மூன்று கார்டு போதும்… மூன்று சுரக்கட்டு, பன்னிரண்டு தாள அளவு, திரும்பத் திரும்ப. ஒரு சலிப்பைச் சொல்ல வேண்டும். அதையே இன்னொரு தடவை சொல்ல வேண்டும். மூன்றாவது வரியில், சொல்லியும் பிரயோசனம் இல்லை என்று ஒப்புக்கொள்ள வேண்டும். ஸ்பீக்கர் கிழிகிற மாதிரி ஒப்புக்கொண்டால் அது ப்ளூஸ் ராக்.

கரண்டு வந்தாத் தண்ணி இல்ல…
கரண்டு வந்தாத் தண்ணி இல்ல…
ரெண்டும் வந்தா எனக்குத் தெம்பு இல்ல.

இது மூன்றாவது பாட்டு. மொத்தம் ஏழு. ஆல்பத்தின் பெயர் 'சும்மாதான் இருக்கேன்'.

முதல் நாள் கதவைத் திறந்தபோது வெளியே வெயில் மண்டையைப் பிளந்தது. ஆறு வருஷம் பூட்டிய அறை, உள்ளே அடுப்பாகக் கொதித்திருக்க வேண்டும். ஜில்லென்று இருந்தது. வாசனை… பழுத்த பன்னீர்த் திராட்சை, அதோடு தீக்குச்சி உரசி அணைத்தால் வருமே, அந்தக் கந்தக நெடி. முன்பு பெட்டியில் பழத்தோடு கந்தகத் தாள் வைப்பார்கள். ஆனால் பெட்டி ஒன்றும் இல்லை. வெறும் தரை.

"தெர்மக்கோல்" என்றாள் ஏஞ்சல்.

"ஆமா, தெர்மக்கோல்" என்றார் வீரணன்.

ஈஸ்வரபாண்டியும் ஒப்புக்கொண்டார். தெர்மக்கோல் குளிரைக் காபந்து பண்ணும், உண்டாக்காது என்று மூன்று பேருக்கும் தெரியும். ஐந்து நாளில் முடிக்க வேண்டும் என்பதும் தெரியும்.

ஈஸ்வரபாண்டியின் வலது கை நடுவிரலில் ஒரு மோதிரம். குதிரை லாடத்தில் அடித்தது, சனிக்காகப் போட்டது. கம்பியை இழுக்கும்போதெல்லாம் கிடார் மேல் பட்டு 'டிங்' என்றது.

"மாஸ்டர், அந்த மோதிரத்தக் கழட்டுங்க. எல்லாப் பாட்டுலயும் விழுகுது."

சோப்புப் போட்டுப் பார்த்தார். தேங்காய் எண்ணெய் போட்டுப் பார்த்தார். வரவில்லை. "பதினாலு வருசமாச்சும்மா. சனியே எறங்கிப் போயிட்டாரு, இது போக மாட்டேங்குது."

"ஆக்ஸா பிளேடு வண்டியிலதான் கெடக்கு" என்றார் வீரணன். "மோதிரத்த அறுக்குறதா, வெரல அறுக்குறதான்னு மட்டும் சொல்லு."

ஏஞ்சல் சிரிக்கவில்லை. காதில் ஹெட்போனோடு கையைத் தூக்கினாள். "மாஸ்டர், கொஞ்சம் மூச்சு விடாம இருங்க."

"விடலயே."

"வீரணண்ணே?"

"நான் இங்கன மூலையில டிரம்முக்குப் பின்னால கெடக்கேன். ஒனக்கு எப்படிக் கேக்கும்?"

 பிறகு ஹெட்போனைக் கழற்றித் துடைத்தாள். "சரி… தெர்மக்கோல்."

ஐந்தாம் நாள். ஏழாவது பாட்டு முடிந்தது. கடைசிக் கம்பியின் அதிர்வு அடங்குகிற வரைக்கும் யாரும் அசையக் கூடாது. சொட்… சொட்… எங்கேயோ தண்ணி விழுகிறது. ஈஸ்வரபாண்டிக்கு முதுகு விட்டுப்போயிற்று. இருபத்தாறு வருஷத்து அசதி ஒரே நேரத்தில் வந்து தோளில் உட்கார்ந்தது. நல்லா வந்திருக்கா, வரலையா என்று யோசிக்கக்கூடத் தெம்பில்லை. குனிந்து பார்த்தார். ஸ்பீக்கர் மேல் ஒரு துண்டுச் சீட்டு.

கண் பார்த்தது. வாய் வாசித்தது. இருபத்தாறு வருஷப் பழக்கம், நடுவில் மூளை இல்லை.

"அடுத்து, எட்டாவது பாட்டை விரும்பிக் கேட்பவர்… மாயக்காள். ஊர்… இங்கனதான்."

மைக்கில் இன்னும் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

"ஏலே, என்னத்தடா வாசிச்ச?" என்றார் வீரணன்.

"நீ எழுதி வச்சதத்தான்."

"எனக்கு எழுத்து வந்தா நான் ஏன்டா டிராக்டருக்கு அடியில படுத்துக் கெடக்கேன்?"

இரண்டு பேரும் ஏஞ்சலைப் பார்த்தார்கள். அவள் தலையை ஆட்டினாள். கதவு உள்பக்கம் தாழ் போட்டபடி இருந்தது.

திராட்சைப் பெட்டியில் ஒட்டுகிற லேபிளின் பின்பக்கம், பென்சில் எழுத்து. விரலில் ஒட்டிக்கொள்கிற மாதிரிக் குளிர்ச்சி. வெயிலுக்குக் கொண்டுவந்தார்கள். தாள் இருந்தது, எழுத்து இல்லை.

சாமானை ஏற்றினார்கள். வண்டியைக் கிளப்பும்போது வீரணன் நாக்கால் பல் போன இடத்தைத் துழாவிக்கொண்டே சொன்னார். "பேர வாசிச்சுட்ட மாப்ள. பாட்ட விட்டுட்டு வர்ற."

"எட்டாவதுன்னு ஒண்ணு கெடையாதேடா. எத வாசிக்க?"

 வீரணன் ராயப்பன்பட்டி வரும்வரை கண்ணாடியில் பின்னால் பார்த்துக்கொண்டே ஓட்டினார்.

ஆல்பம் வெளியே வந்தது. ஏஞ்சல் அதை இன்டர்நெட்டில் ஏற்றினாள். சீட்டு வாசித்ததை அவள் வெட்டவில்லை. ஏழாவது பாட்டின் வாலில் அப்படியே விட்டுவிட்டாள். கச்சேரி மாதிரி நல்லா இருக்கு மாஸ்டர் என்றாள்.

முதல் மாதம் நாற்பத்து மூன்று பேர் கேட்டார்கள். அதில் பதினொரு பேர் ஈஸ்வரபாண்டியே, வேறு வேறு போனிலிருந்து. சென்னையில் யாரோ ஒருத்தர் விமர்சனம் எழுதினார். குரல் களைப்பாக இருக்கிறது, கிடார் சுமார், ஆனால் பின்னணியில் ஒலிக்கும் அந்த உலோகத் தாளவாத்தியம் அபாரம் என்று. மோதிரத்தைச் சொல்லியிருக்கிறார். பவானி அடுப்படியில் ஒன்றரைப் பாட்டுக் கேட்டாள். "ஏங்க, ஒரே வரியத் திரும்பத் திரும்பச் சொல்றீகளே, யாரு காது கேக்காதவுகளுக்கா?" என்று கேட்டுவிட்டுக் குக்கரை ஏற்றினாள்.

ஈஸ்வரபாண்டி ஐம்பது பென் டிரைவில் போட்டு மினி பஸ் டிரைவர்களுக்குக் கொடுத்தார். டீக்கடைக்குக் கொடுத்தார். முடிவெட்டுகிற கடையில் கொடுத்தார். ஒரு வாரம் ஒன்றும் இல்லை. இரண்டாவது வாரம் போடி பஸ்ஸில் ஏறினார். கண்டக்டர் டிக்கெட் கொடுக்காமல் அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அண்ணே, அந்த எட்டாவது பாட்டு… எப்படிண்ணே போட்டீக?"

"எட்டாவதா? மொத்தமே ஏழுதானப்பா."

"வெளையாடாதீக. அந்த ஏழையும் நாங்க ஓட்டி விட்டுருவோம். எட்டுதான். சின்னமனூர்ல மருந்துக்கடைக்காரரு ஷட்டர எறக்கிப்புட்டு உள்ள ஒக்காந்து அழுதாக. பஸ்ல அது ஓடுச்சுன்னா யாரும் பெல் அடிக்க மாட்டேங்குறாக. ஸ்டாப்பு தாண்டிப் போயிட்டுத் திரும்பி நடந்து வர்றாக."

வீட்டுக்கு வந்து பென் டிரைவைப் போட்டார். ஏழு பாட்டு. கடைசியில் அவர் குரல்… 'ஊர், இங்கனதான்'. பிறகு ஒன்றும் இல்லை. வெறும் இரைச்சல். மறுபடி போட்டார். ஏழுதான்.

எங்கே போனாலும் அதே பேச்சு. அவர் கேட்பார், அந்தப் பாட்டு எப்படி இருக்கும், கொஞ்சம் பாடிக் காட்டுங்கள் என்று. வாயைத் திறப்பார்கள்… வராது. நாக்கு நுனியிலேயே நிற்கிறது என்பார்கள். எதைப் பற்றிய பாட்டு என்று கேட்டால் ஆளுக்கொன்று சொன்னார்கள். கண்டக்டருக்கு அவன் அம்மாவைப் பற்றி. மருந்துக்கடைக்காரருக்கு விற்றுப்போன தோட்டத்தைப் பற்றி. முடிவெட்டுகிறவருக்கு, ஒரு தடவை மட்டும் பார்த்து வந்த கடலைப் பற்றி. எல்லாரும் ஒன்றை மட்டும் ஒரே மாதிரி சொன்னார்கள். பொம்பளைக் குரல், ஆனால் கிடார் உங்கள் கை.

ஏஞ்சலிடம் ஓடினார். அவள் கம்ப்யூட்டரைத் திறந்து காட்டினாள். ஏழு. "எங்கிட்டயும் ஏழுதான் மாஸ்டர்" என்றாள். பிறகு அவர் முகத்தைப் பார்க்காமல், "ஆனா… நானும் கேட்டேன். போன வாரம். ஒரே தடவ" என்றாள்.

"எப்படி இருந்துச்சு?"

அவளுக்குக் கண் கலங்கிற்று. "நல்லாருக்கு மாஸ்டர். மத்த ஏழையும் விட."

வீரணனும் கேட்டிருந்தார். சொன்னால் வருத்தப்படுவாய் என்று சொல்லவில்லையாம். வீட்டுக்கு வந்தார். அடுப்படியில் பவானி மாவாட்டிக்கொண்டே எதையோ முனகிக்கொண்டிருந்தாள். மெதுவாக… இழுத்து… மூன்றே கார்டில் அடங்குகிற மாதிரி. நிலைப்படியில் கால் வைத்தார். முனகல் நின்றது.

"என்ன பாட்டு பவானி அது?"

"பாட்டா? நான் எங்க பாடுனேன்?"

பொய் இல்லை. அவளுக்கே தெரியவில்லை. அதற்குப் பிறகு அவர் செருப்பை வாசலிலேயே கழற்றிவிட்டு, பூனை மாதிரி வந்து பார்த்தார். சுவரோரம் ஒட்டி நின்று பார்த்தார். சொந்த வீட்டில். எப்படி வந்தாலும், அவர் காது எட்டுகிற தூரத்துக்கு ஒரு முழம் முன்னாலேயே அது நின்றுவிடும்.

சித்திரையில் கெங்குவார்பட்டியில் கோயில் கச்சேரி. முதல் சீட்டு வந்தது. பிரித்தார். 'எட்டாவது பாட்டு. ஈஸ்வரபாண்டி பாடியது.'

இருபத்தாறு வருஷமாகக் காத்திருந்த சீட்டு.  அடுத்த சீட்டு… அதே. அடுத்தது… அதே. ஒரு தாம்பாளம் நிறையச் சீட்டு, எல்லாம் அதே பாட்டு. கூட்டம் சத்தமில்லாமல் அவரையே பார்த்துக்கொண்டிருக்கிறது. மைக்கைப் பிடித்தார். ஒரு பேரையும் வாசிக்கவில்லை. வாசித்தால் பாடவேண்டும். ஜெனரேட்டர் ரிப்பேர் என்று சொல்லிவிட்டுப் பின்பக்கமாக இறங்கினார். மேடைக்குப் பின்னால் ஒரு பெரியவர் வழிமறித்தார். கோபம்கூட இல்லை அவருக்கு.

"ஏன்யா… ஒம் பாட்டத்தான கேக்குறோம்?"

அன்று வீட்டுக்கு வந்து ஈஸ்வரபாண்டி சாப்பிடவில்லை. "ஊரே எம் பாட்டக் கேட்டுருச்சு பவானி. நான்தான் கேக்கல" என்றார். அழவில்லை. அழுவதற்கும் கொஞ்சம் தெம்பு வேண்டியிருக்கிறது.

மறுநாள் பன்னிரண்டரை மணி. அதே ரோடு. அதே லோடு ஆட்டோ. கிடார் இல்லை, டிரம் இல்லை, யாரும் திரும்பக் கேட்காத அந்தச் சாவி மட்டும். கிட்டங்கி வாசலில் இறங்கி, ஈஸ்வரபாண்டி சட்டைப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். வண்டி மேல் வைத்து எழுதினார்.

பாட்டு: எட்டாவது. கேட்பவர்: ஈஸ்வரபாண்டி. ஊர்: அல்லிநகரம்.

"மாப்ள, வேணாம்டா" என்றார் வீரணன். "மேடையில இருக்கவன் சீட்டுக் குடுக்கக் கூடாது."

"இத்தன வருசம் மேடையில இருந்தேன். ஒரு தடவ கீழ ஒக்காந்து கேட்டுக்கிறேன். நீ இங்கனயே இரு."

உள்ளே போய்ச் சீட்டைத் தரையில் வைத்தார். கதவு தானாகச் சாத்திக்கொண்டது. முட்டவில்லை, அடிக்கவில்லை… ஆள் வந்து சாத்துகிற மாதிரி, மெதுவாக. இருட்டு. ஜில்லிப்பு. தீக்குச்சி வாசனை. சொட்… சொட்… அதுவும் நின்றது.

மைக்கைத் திறந்தால் 'ம்ம்ம்' என்று ஒரு ரீங்காரம் வருமே, அது வந்தது. மைக் கிடையாது அங்கே. யாரோ தொண்டையைச் செருமினார்கள். பக்கத்தில். மிகப் பக்கத்தில். ஒரு பொம்பளைக் குரல்… ஆனால் வாசிக்கிற தோரணை அப்படியே அவருடையது. அதே இழுப்பு, அதே நிறுத்தம்.

"அடுத்து, எட்டாவது பாட்டை விரும்பிக் கேட்பவர்… அல்லிநகரம்… ஈஸ்வரபாண்டி."

பேரை வாசித்தாயிற்று. யாரோ பாதத்தால் தரையில் போடுகிற தாளம். ஒன்று… இரண்டு… மூன்று… நான்கு…

வெளியே வீரணன் ஒரு பீடி பிடித்து முடித்தார். பாட்டு ஒன்றும் கேட்கவில்லை. கதவைத் தள்ளினார், திறந்துகொண்டது. ஈஸ்வரபாண்டி தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். மீசையிலும் புருவத்திலும் வெள்ளையாக… தொட்டுப் பார்த்தால் பனி. சித்திரை வெயிலில் பனி.

"கேட்டியா?"

"கேட்டேன்" என்றார் ஈஸ்வரபாண்டி. "போதும் மாப்ள."

வண்டியில் ஏறும்போது வீரணன் அந்தக் கையைப் பார்த்தார். நடுவிரலில் வெள்ளையாக ஒரு வளையத் தழும்பு. மோதிரம் இல்லை. உள்ளே போய்த் தேடலாமா என்று கேட்டார். "அது அங்கனயே இருக்கட்டும்" என்றார் ஈஸ்வரபாண்டி. முகத்தில் இருபத்தாறு வருஷ அசதியும் இல்லை. வெள்ளையடித்த சுவர் மாதிரி இருந்தது முகம்.

அன்றோடு எட்டாவது பாட்டு யாருக்கும் கேட்காமல் போயிற்று. பஸ்ஸில் ஒழுங்காகப் பெல் அடித்தார்கள். மருந்துக்கடை ஒன்பது மணிவரை திறந்திருந்தது. கெங்குவார்பட்டிப் பெரியவர் வேறு பாட்டுக்குச் சீட்டு எழுத ஆரம்பித்தார். ஈஸ்வரபாண்டி கிடாரை உறையில் போட்டு மாட்டிவிட்டார். ஆணியை வீரணன்தான் அடித்துக் கொடுத்தார். சாப்பிடுவார், தூங்குவார். கூப்பிட்டால் ம் என்பார். வலது கால் மட்டும் எந்நேரமும் மெதுவாகத் தாளம் போட்டபடி இருக்கும். தூக்கத்திலும். பவானி ஒருநாள் பொறுக்காமல் காலைப் பிடித்து நிறுத்தினாள். "இன்னும் முடியல, விடு" என்றார், கண்ணைத் திறக்காமல்.

அதற்குப் பிறகுதான் பவானி அந்தப் பென் டிரைவைத் தேடி எடுத்தாள். பக்கத்தில் அவர், சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்தபடி, இரண்டு கையையும் மடியில் வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தார். கால் ஆடிக்கொண்டிருந்தது. டிவியில் சொருகி, ஏழாவது பாட்டை ஓடவிட்டாள். பாட்டு முடிந்தது. வாலில் புருஷன் குரல் வரவேண்டிய இடத்தில்… ஒரு பொம்பளை.

"விரும்பிக் கேட்பவர்… அல்லிநகரம்… ஈஸ்வரபாண்டி."

பிறகு நிசப்தம். நான்கு நிமிஷம், ஐந்து நிமிஷம். டிவியில் ஒரு பாதம் தாளம் போடுகிறது. பக்கத்தில் புருஷனின் கால், அதே நேரத்துக்கு, ஒரு மயிரிழை பிசகாமல். அப்புறம் டிவியிலிருந்து, காலியான ஒரு பெரிய அறையில் ஒரே ஒரு ஆள் கைதட்டுகிற சத்தம். ஒவ்வொரு தட்டுக்கும் நடுவில், 'டிங்'.

பவானி திரும்பிப் பார்த்தாள். அவர் இரண்டு கையும் மடியில்தான் இருந்தன. கால் நின்றுவிட்டது.

கைதட்டல் ஓய்ந்தது. மைக் ரீங்காரம். யாரோ தொண்டையைச் செருமினார்கள்.

"அடுத்து விரும்பிக் கேட்பவர்… அல்லிநகரம்…"

பவானி பாய்ந்து பென் டிரைவைப் பிடுங்கினாள். விரலில் ஒட்டிக்கொள்கிற மாதிரிக் குளிர்ச்சி. டிவி கருத்துவிட்டது.

பின்னால் ஈஸ்வரபாண்டி, கண்ணைத் திறக்காமல், அலுத்த குரலில் சொன்னார்.

"ஏன் நிறுத்துன… பேர வாசிச்சாச்சுல்ல. அல்லிநகரம்… பவானி."